தோற்றுப் பழகிய ஊரில் ஒரு சீசன்

புளூமிங்டன், இண்டியானா
டிசம்பர் 22, 2024

அன்பு நண்பா,

நேற்று முன்தினம் இரவு சவுத் பெண்டில், இண்டியானா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி நோட்ர டேமிடம் 27-17 என்று தோற்று, தேசியக் கோப்பைக்கான பிளே-ஆஃபிலிருந்து வெளியேறியது. ஊர் முழுக்க அதே பேச்சு. ஆனாலும் யார் முகமும் வாடியிருக்கவில்லை. அணியின் சிவப்புத் தொப்பியைக் கழற்ற மனமில்லாமல் திரிகிறார்கள்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதி ஓடுகிற அமெரிக்க ஆட்டம் இது. புளூமிங்டன் பல்கலைக்கழகத்தால் வாழும் ஊர். எங்கு திரும்பினாலும் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குக் கல் போனதும் இந்தப் பக்கத்துக் குவாரிகளிலிருந்துதான். ஊருக்கு உயிர் கூடைப்பந்து. அதில் 5 தேசியக் கோப்பைகள் வாங்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே நிற்கும் ஃபுட்பால் ஸ்டேடியத்தின் கதை வேறு. 700-க்கும் மேல் தோல்விகள். 2024 வரை, பெரிய கல்லூரி அணிகளில் இத்தனை முறை தோற்ற அணி வேறு கிடையாது. நூற்றாண்டைத் தாண்டிய வரலாற்றில், இந்த சீசனுக்கு முன்பு ஒரு சீசனில்கூட 10 வெற்றி கண்டதில்லை. சனிக்கிழமைகளில் கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுத் தின்றுவிட்டு, பாதி ஆட்டத்திலேயே வீடு திரும்பிவிடுவோம் என்றார் எனக்கு அறை கொடுத்திருக்கும் பெரியவர்.

2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த நவம்பர் கடைசியில்தான் கர்ட் சிக்னெட்டி தலைமைப் பயிற்சியாளராக வந்தார். வயது 62. இவருடைய வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனிடம் துணைப் பயிற்சியாளராக இருந்து, 2009 சீசனின் தேசிய வெற்றியில் பங்குபெற்றவர். நல்ல சம்பளம், பெரிய பெயர். அதை உதறிவிட்டு 2011-ல் பென்சில்வேனியாவில் இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய அப்பா பயிற்சியாளராக இருந்த இடம் அது. ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு படி இறங்கித் தனியாக ஓர் அணியை நடத்திப் பார்க்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? அங்கிருந்து ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம். தலைமைப் பயிற்சியாளராக அவர் நடத்திய எந்த சீசனிலும் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சியதில்லை. இங்கே வந்த புதிதில், ஆட்டக்காரர்களை எப்படி நம்பவைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள்” என்றாராம். ஆணவம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். தோல்விக்குத் தலையாட்டியே பழகிய ஊருக்கு அப்படி ஒரு குரல் தேவைப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 ஆட்டக்காரர்கள் அவர் பின்னாலேயே வந்தார்கள். ஓஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட்டிஸ் ரூர்க் என்ற கனடாக்காரர், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்காக வந்து சேர்ந்தார். கல்லூரி மாறிய அதே ஆண்டே களமிறங்கலாம் என்று இப்போது விதி தளர்ந்திருக்கிறது. வெளியாட்களைக் கூட்டிவந்து ஜெயித்தார் என்ற குறை அதனால்தான் எழுகிறது. அதில் பொருள் இருக்கிறது; முந்தைய ஆண்டுகளில் இங்கே வியர்வை சிந்திய சிலருக்கு இடமில்லாமல் போயிருக்கும். ஆனால் அந்த வாய்ப்பு எல்லா அணிகளுக்கும் திறந்திருந்தது. பெரிய கல்லூரிகள் திரும்பிப் பார்க்காத பையன்களின் திறமையைக் கண்டுகொண்டவர் இவர்.

வரிசையாக 10 வெற்றிகள். நெப்ராஸ்காவை 56-7. அந்த ஆட்டத்தில் கட்டைவிரலில் அடிபட்ட ரூர்க், அறுவைசிகிச்சை செய்துகொண்டு ஒரே ஓர் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிவந்தார். முந்தைய ஆண்டின் சாம்பியன் மிஷிகனை 20-15. ஓஹையோ ஸ்டேட்தான் 38-15 என்று தரையில் இறக்கியது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை பர்டியூவுடன் ஆட்டம். நான் போயிருந்தேன். குளிர் எலும்புவரை இறங்கிய இரவு. இரண்டு பல்கலைக்கழகங்களும் 1925 முதல் ஒரு பழைய ஓக் மரக் கிணற்று வாளிக்காக மோதுகின்றன. ஜெயித்தவர் தம் பல்கலைக்கழகப் பெயரின் முதல் எழுத்தை வெண்கலத்தில் வார்த்து வாளியின் சங்கிலியில் கோக்க வேண்டும். 66-0! பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்க்கும் டச் டவுன்கள் ஆறுக்கு ரூர்க் பந்து எறிந்தார். பாதியில் ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்தப் பெரியவரும் கடைசிவரை நின்றார்.

சவுத் பெண்டில் அந்த வெற்றி தொடரவில்லை. ஆரம்பத்திலேயே எதிரணியின் ஜெரமையா லவ் 98 கெஜம் ஓடிக் கதையைத் திருப்பிவிட்டார். எளிய எதிராளிகளை ஜெயித்து வந்த அணி என்று தொலைக்காட்சியில் ஏளனம் செய்கிறார்கள். இரண்டு பெரிய அணிகளிடம் தோற்றது உண்மைதான். மூன்று வெற்றியிலிருந்து ஒரே ஆண்டில் பதினொன்றுக்கு வந்ததும் உண்மை. இந்த இரண்டில் பின்னதுதான் அரியது என்பது என் தீர்ப்பு.

சிக்னெட்டியோடு நவம்பரிலேயே எட்டு ஆண்டுகளுக்குப் புது ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். அடுத்த சீசன் ஆகஸ்ட் 30 அன்று இங்கேயே தொடங்குகிறது. லீவைச் சேர்த்துவைத்து அக்டோபரில் வந்துவிடு. டிக்கெட்டுக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்