கீழ்த்தாடை ஊசியும் மற்றவையும்

பி.டி.எஸ். முடித்துத் தனியார் கிளினிக்கில் சேர்கிற பிள்ளைகள் முதலில் விசாரிப்பது இம்ப்ளான்ட் கோர்ஸைத்தான். சனி, ஞாயிறு ஓட்டல் அறையில் வகுப்பு, சான்றிதழ், குரூப் போட்டோ. அந்தப் பணம் இப்போதைக்குப் பத்திரமாக இருக்கட்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லை நம்பி மரக்கவைக்கத் தெரிகிறதா? அது தெரியாதவரை வேறு எந்த வித்தையும் அந்த வாயில் எடுபடாது.

*

ஊசி: கட்டைவிரல் தாடை முன்விளிம்பின் பள்ளத்தில். சிரிஞ்சு எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்களின் மேலாக வர வேண்டும். 20 முதல் 25 மி.மீ. போனதும் எலும்பு தட்டும். சீக்கிரமே தட்டினால் முனை முன்னால் நிற்கிறது. தட்டவே இல்லையென்றால் பின்னால் போய்விட்டது. தட்டாமல் மருந்தை விட்டால் அது பரோட்டிட் சுரப்பிக்குள் இறங்கி, அந்தப் பக்கத்துக் கண் மூடாமல் வாய் கோணிப்போகலாம். சில மணி நேரத்தில் சரியாகிவிடும்தான். அதுவரை உடன்வந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? இழுத்துப் பார்க்காமல் பிஸ்டனை அழுத்தவே கூடாது. வாயில் போடும் ஊசிகளில் சிரிஞ்சுக்குள் ரத்தம் அதிகம் ஏறுவது இதில்தான், நூற்றுக்கு 10 முதல் 15 தடவை. மருந்து இறங்க ஒரு முழு நிமிஷம் கொடுங்கள்.

*

“உதடு தடிச்சுப்போச்சு டாக்டர்” என்றதும் ஏரோட்டரை எடுத்துவிடுகிறார்கள். ராத்திரி தூங்கவிடாத பல் அத்தனை எளிதில் அடங்காது. உதடு மரத்திருக்கும், பர் பட்டதும் ஆள் நாற்காலியை விட்டு எழும்புவார். தொடங்குமுன் பல்லில் குளிர் வைத்துப் பாருங்கள். சுள்ளென்றால் இன்னும் மரக்கவில்லை. வெளிப்பக்க ஈறில் 4 சதவீத ஆர்ட்டிகெயின் கொஞ்சம் சேர்த்தால் பல நேரம் வழிக்கு வரும்.

*

பிடுங்கிய பற்களை, சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, 10 சதவீத ஃபார்மலினில் 2 வாரம் போட்டு வையுங்கள். மதியம் கிளினிக் காலியாகக் கிடக்கும் நேரத்தில் அவற்றைத் திறந்து பழகலாம். பல்ப் அறையின் தரை, சுவர்களைவிடக் கறுத்திருக்கும். கால்வாய் வாய்கள் தரையும் சுவரும் சேரும் கோட்டில்தான் இருக்கும். இந்த நிறபேதம் கண்ணில் படப் பழகியவர் தரையைத் துளைத்துவிட மாட்டார். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது கால்வாயைத் தேடும் பொறுமையும் இந்த மேசையில் வருவதுதான்.

*

ஈரோட்டுப் பக்கம் ஒரு பாட்டி: “ஏங் கண்ணு, பெரிய டாக்டரு இல்லீங்களா? மேல்பல்லப் புடுங்குனா கண்ணு போயிருமாமா?” இளம் டாக்டர் உடற்கூறியல் பாடம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. “அது வேற நரம்புங்க பாட்டி. ஒன்னும் ஆவாது. வலிச்சா எடது கையத் தூக்குங்க, நிறுத்திப்போடறேன்” என்றார். பாட்டி ஒரு முறை கையைத் தூக்கினார், சும்மா சோதித்துப் பார்க்க. இவர் நிறுத்தினார். அப்புறம் பெரிய டாக்டரின் பேச்சே வரவில்லை.

*

ரப்பர் டேம் 1864-லேயே வந்துவிட்டது. பல கிளினிக்குகளில் இன்னும் பெட்டி பிரிக்கவில்லை. அதை மாட்டினால் ஹைப்போகுளோரைட் தொண்டைக்குப் போகாது, ஃபைல் நழுவினாலும் வயிற்றுக்குள் போகாது. மாட்டுவதற்கு நேரமில்லை என்று சீனியர் சொன்னாலும் நீங்கள் மாட்டுங்கள்.

*

கீழ் ஞானப்பல்லின் வேர், எக்ஸ்ரேயில் நரம்புக் குழாயோடு ஒட்டித் தெரிந்தால் அறுவை நிபுணருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிவிட்டு, அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

*

வேலைக்குச் சேருமுன் சம்பளத்தோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள்: எக்ஸ்ரே எடுக்க வசதி உண்டா, அபெக்ஸ் லொகேட்டர் உண்டா, சீனியர் பக்கத்து சேரில் எத்தனை மணி நேரம் இருப்பார். ஆறு மாதம் ஸ்கேலிங் மட்டும் பண்ணட்டும், பிறகு பார்க்கலாம் என்கிற இடம் என்றால், சம்பளம் இரண்டாயிரம் கூட இருந்தாலும் சேராதீர்கள்.