பற்றாத திரி

சிவகாசிப் பிள்ளைகளுக்கு வெடிக்கும் வெடியிடம் அச்சம் குறைவு. வெடிக்காத வெடியைத்தான் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி அஞ்ச வைத்திருப்பார்கள். திரி அணைந்துவிட்டது போலத் தோன்றும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். என்னவாயிற்று என்று குனிந்து பார்க்கிறவன் முகத்தில்தான் அது வெடிக்கும்.

என் தந்தையார் அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தார். எங்கள் ஊரில் அச்சுத்தொழில் வேரூன்றியதே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத்தான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பிய கதையை ஊரில் அறியாதவர் இல்லை. அவர்கள் கண்ணால் பார்த்துக் கற்றார்கள். பட்டாசு வாங்கும் வெளியூர்ப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பில்லை. லேபிள் மட்டுமே உண்டு. ஒருமுறை, “பற்றவைத்ததும் விலகி நிற்கவும்” என்பதோடு முடிந்திருந்த மெய்ப்பை எடுத்துக்கொண்டு அப்பா முதலாளியிடம் போயிருக்கிறார்.

“வெடிக்கலேன்னா என்ன செய்யணும்னு போடலையே?”

“அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“தெரிஞ்சவன் எதுக்கு அண்ணாச்சி லேபிளைப் படிக்கப் போறான்?”

லேபிளில் ஒரு வரி கூடியது.

நான் மென்பொருள்களுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறவன். மனிதக் கையின்றி உலாவியை இயக்கும் கருவிகள் புதியவை அல்ல. 2004இல் செலினியம் வந்தது; 2020இல் மைக்ரோசாஃப்டின் பிளேரைட். அவற்றின் கையேடுகளைப் படித்தவர்கள் நிரலாளர்கள். ஐயம் வந்தால் சோதித்துப் பார்ப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற நெறிமுறையை வெளியிட்டது. அதன்வழி இணைக்கப்படும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும் சில வரி விளக்கமும் இருக்கும். அவற்றைப் படித்து, எதை எப்போது இயக்குவது என்று முடிவு செய்வது செயற்கை நுண்ணறிவு முகவர்.

எங்கள் நிறுவனத்தின் சொடுக்கும் கருவிக்கு நான் எழுதிய விளக்கம் இரண்டே வரி: பக்கத்தில் குறிப்பிட்ட பொத்தானைச் சொடுக்கும், முப்பது வினாடிக்குள் முடியாவிட்டால் பிழைச்செய்தி தரும். சுருங்கச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் சித்தப்பா மகன் நாட்காட்டி அச்சடிக்கிறான். ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளியானதும் எங்கள் ஊரில் காகிதத்துக்கு ஓட்டம் தொடங்கிவிடும். அந்த நெருக்கடியில், மொத்த வணிகர் ஒருவரின் இணையதளத்தில் காகிதம் வாங்கித் தரும்படி முகவரிடம் ஒப்படைத்திருந்தான். முகவர் பொத்தானை அழுத்தியது. தளம் மெதுவாக இருந்ததால் முப்பது வினாடி கடந்து பிழைச்செய்தி வந்தது. மீண்டும் அழுத்தியது. மறுபடியும் பிழை, மறுபடியும் அழுத்தியது. மூன்று முறையும் ஆணை பதிவாகியிருந்தது. ஒரு லோடு காகிதம் வைக்கும் இடத்தில் மூன்று லோடு வந்து நின்றது. ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மற்றொன்றுக்காக அவன் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

“இதெல்லாம் படிச்சவங்க எழுதி வச்சதுதானே, அண்ணே?” என்று கேட்டான். எழுதியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூலில் பவணந்தியார் பட்டியலிடுகிறார். மிகைபடக் கூறலுக்கு அஞ்சியே நான் இத்தனை காலம் எழுதி வந்தேன். குன்றக் கூறலும் அதே பட்டியலில் இருப்பதை மறந்திருந்தேன். மனித வாசகர் நம் குறையைத் தம் தயக்கத்தால் ஈடு செய்துவிடுகிறார். இரண்டாம் முறை பணம் கட்டும் முன் அவர் கை தானாகவே நிற்கும். நான் விட்ட இடைவெளியில் முகவருக்கு அந்தத் தயக்கம் இல்லை. பிழை என்றால் நடக்கவில்லை என்றே அது பொருள் கொண்டது. நானும் அப்படிப் பொருள்படும்படித்தானே எழுதியிருந்தேன்.

பக்கம் பக்கமாக எழுதுவதும் தீர்வாகாது. விளக்கம் நீண்டால் முகவர் ஒரே நேரத்தில் கருத்தில் கொள்ளும் இடத்தை அது தின்றுவிடும். முக்கியமானது அதில் மூழ்கிப்போகும். ஆகவே மூன்று செய்திகளை மட்டும் சேர்க்க நினைத்தேன். பக்கம் மாறிய பின் பழைய பொத்தான் குறியீடு செல்லாது, புதிதாகப் பக்கத்தைப் படிக்கவும். பிழை வந்தால் மீண்டும் அழுத்தும் முன் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கவும். பணம் செலுத்துவது, அழிப்பது போன்றவற்றுக்கு முன் மனிதரைக் கேட்கவும்.

இரண்டாம் செய்தியை எழுதும்போது தடுமாறினேன். பிழை சொடுக்கும் முன் வந்ததா, சொடுக்கிய பின் பக்கம் திறக்கக் காத்திருந்தபோது வந்ததா? நிரலாளர்களைக் கேட்டேன். இரண்டுக்கும் கருவி ஒரே செய்தியைத்தான் தந்துகொண்டிருந்தது. தெளிவாக எழுத முடியாத வரி, கருவியிலேயே இருந்த குறை. நிரலைத் திருத்தி இரண்டையும் பிரித்தார்கள். அதன்பின் எழுதுவது எளிதாக இருந்தது.

எம்.சி.பி.யின் 2025 மார்ச் பதிப்பில், ஒரு கருவியைத் திரும்ப இயக்கினாலும் விளைவு கூடாதா, அது எதையேனும் அழிக்கக்கூடியதா என்று குறிக்க இடம் தந்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சொடுக்கு என்பது தீக்குச்சி மாதிரி. விளக்கு ஏறுவதும் வெடி வெடிப்பதும் அதை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்ல இன்னும் வாக்கியம்தான் வேண்டியிருக்கிறது.

தம்பி இவ்வாண்டும் முகவரைக் கொண்டுதான் காகிதம் வாங்கினான். கடைசிப் பொத்தானை மட்டும் அவனே அழுத்துகிறான். அழுத்திவிட்டு, திரை அசையாமல் நின்றாலும், கையைக் கட்டிக்கொண்டு சற்று விலகி உட்கார்ந்திருக்கிறான்.