முதல் பாக்கெட்டைக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கேள்விக்கு வருகிறேன்.

ஆபீஸ் வி-லேன்களுக்கு இடையே ரவுட்டிங் செய்ய எந்த லேயர் த்ரீ ஸ்விட்ச் வாங்கலாம், எல்லா விவரத்தாளும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று எழுதியிருந்தாய். கிகாபிட் கணக்கை விடு. பாக்கெட்டை எது அனுப்புகிறது, சிபியுவா சில்லா? அதைக் கேள்.

ஆதியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சிபியுவே ரூட்டிங் டேபிளைத் தேடியது. பிறகு கேஷ் வந்தது. முதல் பாக்கெட்டுக்கு மட்டும் சிபியு வழி பார்க்கும். பின்னால் வருபவை கேஷைப் பார்த்தே போய்விடும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 5000-இல் வந்த எம்எல்எஸ் (மல்டிலேயர் ஸ்விட்சிங்) இந்த வகைதான். டிராஃபிக் ஒழுங்காக இருக்கும்வரை அருமையாக ஓடும். 2001 ஜூலையில் கோட் ரெட் புழு கிளம்பிக் கண்ட ஐபி முகவரிகளையெல்லாம் தட்டியது. ஒவ்வொரு முகவரியும் புதிது, ஆகவே எல்லாமே முதல் பாக்கெட்! கேஷ் நிரம்பி சிபியு திணறியது. புழு குறிவைத்தது மைக்ரோசாஃப்ட் ஐஐஎஸ் சர்வர்களை. அடிபட்டது கேஷை நம்பிய ரவுட்டர்களும்தான்.

சிஸ்கோவின் அடுத்த முறையான செஃப் (சிஸ்கோ எக்ஸ்பிரஸ் ஃபார்வர்டிங்) அப்படியில்லை. பாக்கெட் வருமுன்பே ரூட்டிங் டேபிளிலிருந்து ஃபிப் என்ற வழிப் பட்டியலையும், அடுத்த ஹாப்பின் மேக் முகவரிகளோடு அட்ஜசென்சி பட்டியலையும் தயார் செய்துவிடும். ஸ்விட்சில் அவை நேரே சில்லுக்குள் போய்விடும். முதல் பாக்கெட்டுக்கும் ஆயிரமாவதற்கும் ஒரே வேகம். ஏஆர்பி இன்னும் தெரியாத பக்கத்து மெஷினுக்குப் போவது மட்டும் ஒருமுறை சிபியுவைத் தொடும், அது பெரிய விஷயமில்லை. என் ஓட்டு செஃபுக்குத்தான்.

ஆனால் செஃப் என்ற பேரைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதே. சில்லில் ஃபிப் உட்காரும் டிகேம் என்ற மெமரிக்கு எல்லை உண்டு. 2014 ஆகஸ்ட் 12 அன்று இணையத்தின் ரூட் எண்ணிக்கை 512கே-யைத் தாண்டியபோது, ஆரம்ப அமைப்பை மாற்றாமல் விட்டிருந்த பல கேட்டலிஸ்ட் 6500 பெட்டிகள் தடுமாறின. உன் ஆபீசுக்கு அத்தனை ரூட் வராதுதான். ஆனால் சின்னப் பெட்டியிலும் இதே வில்லங்கம் இருக்கிறது. கேட்டலிஸ்ட் 3750-இல் டிகேமைப் பங்கு பிரிக்கும் எஸ்டிஎம் டெம்ப்ளேட்டை யாராவது 'விலேன்' என்று வைத்துவிட்டால், ரூட்டுக்கு டிகேமில் இடமே கிடையாது. ரவுட்டிங் முழுக்க சிபியு தலையில் விழும்.

அதனால் டெமோவுக்குக் கொண்டுவரச் சொல். 'ஷோ எஸ்டிஎம் பிரிஃபர்' அடித்துப் பார். டிராஃபிக்கை ஏற்றிவிட்டு 'ஷோ பிராசசஸ் சிபியு' அடி. சிபியுவே பாக்கெட் அனுப்பும் வேலையான 'ஐபி இன்புட்' எகிறினால் அந்தப் பெட்டி வேண்டாம். வேறு கம்பெனி பெட்டியானால் இதே இரண்டையும் அவர்கள் கமாண்டில் காட்டச் சொல். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அன்புடன்,
அக்கா