லோகசுந்தரி அம்மாள் வீட்டு வழி

பெங்களூரு, மல்லேஸ்வரம்

அன்புள்ள தோழிக்கு,

நேற்று அனுமதி வாங்கிக்கொண்டு ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருந்தேன். மைசூர் அரசு 1934-இல் கொடுத்த நிலம் அது. சர் சி.வி. ராமன் 1970 நவம்பர் 21-இல் காலமானபோது இங்கேயே எரியூட்டினார்கள். சமாதி எழுப்பவில்லை, அந்த இடத்தில் ஒரு மரம் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் அவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கோ அவர் மனைவி லோகசுந்தரி அம்மாளின் நினைப்பாகவே இருந்தது. நீ வீணைக்காரி, உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ராமன் அவரை முதலில் பார்த்தபோது அவர் வீணையில் தியாகராஜர் கீர்த்தனை வாசித்துக்கொண்டிருந்தாராம். 1907-இல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது 18, பெண் இன்னும் சிறுமி. ராமன் வேலைக்குச் சேர்ந்த நிதித்துறை, கல்யாணமான அதிகாரிகளுக்குக் கூடுதல் படி கொடுத்தது. அந்தப் படிக்காகத்தான் தன்னைக் கட்டிக்கொண்டாரோ என்னவோ, தனக்குத் தெரியாது என்று அந்த அம்மாள் பிற்காலத்தில் சொல்வாராம்.

கல்கத்தாவில் வேலை. அந்த நாட்களின் கால அட்டவணையை லோகசுந்தரி அம்மாளே சொல்லியிருக்கிறார். விடியற்காலை ஐந்தரைக்கு ராமன் ஆராய்ச்சி செய்யப் பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் சங்கத்துக்குப் போய்விடுவார். பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது வந்து குளித்து, அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, நேரமாகிவிடாமல் டாக்ஸி பிடித்து ஆபீஸ். மாலை ஐந்துக்கு ஆபீசிலிருந்து நேரே மறுபடியும் சங்கம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அங்கேதான்.

இதை விஞ்ஞானியின் உழைப்புக்குச் சான்றாக எடுத்துச் சொல்கிறார்கள். சரிதான். நான் அதில் படித்தது வேறு. ஒன்பதே முக்காலுக்கு இலையில் சோறு தயாராக இருக்க வேண்டுமானால் அடுப்பு எத்தனை மணிக்கு எரிந்திருக்கும்? பாஷை தெரியாத ஊரில், பகல் முழுக்க அந்தப் பெண் யாரோடு பேசியிருப்பாள்? 1917-இல் சர்க்கார் வேலையை உதறிவிட்டு ராமன் பல்கலைக்கழகப் பேராசிரியரானபோது சம்பளம் ஏறக்குறைய பாதியாயிற்று. அதற்குள் குடித்தனம் நடத்தியவர் அவர்தானே!

உனக்கு முக்கியமானது இனிமேல்தான். 1921-இல் ராமன் நம் வீணை, தம்புராவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எந்தப் புள்ளியில் தந்தியை மீட்டுகிறோமோ அந்தப் புள்ளி அசையாமல் நிற்கவேண்டிய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது மேல்நாட்டு விதி. வீணையில் அவையும் கணீரென்று எழுகின்றன! காரணம் தந்தியைத் தாங்கும் குதிரை. வயலின் குதிரையின் விளிம்பு கூர்மை; நம் குதிரையின் மேல் தகடு அகலமாக, லேசாக வளைந்திருக்கிறது. தந்தி அந்த வளைவில் தொட்டும் விட்டும் அதிர்வதால்தான் அந்தச் செழிப்பு. தம்புராவில் நூலை நகர்த்தி ஜீவா பிடிக்கிறோமே, அதுவும் இந்தக் கணக்குத்தான். நம் ஆசாரிகள் கையால் அறிந்திருந்ததை அவர் இயற்பியலில் எழுதினார். கட்டுரையைப் படித்தபோது லோகசுந்தரி அம்மாளின் விரல்கள்தான் என் கண்முன் வந்தன.

1930-இல் நோபல் அறிவிப்பு வரும் முன்பே, ஜூலையிலேயே, ராமன் ஸ்டாக்ஹோம் போகக் கப்பலில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். ஒன்று மனைவிக்கு. அந்த இரண்டாவது டிக்கெட்டுக்காக அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

1933-இல் பெங்களூருக்கு வந்தார்கள். மல்லேஸ்வரத்தில் அவர்கள் வீடு 'பஞ்சவடி'. இன்று காலை அந்தப் பக்கம் நடந்தேன். ராமனின் அண்ணன் மகன் விஞ்ஞானி சந்திரசேகருக்கு இந்த அம்மாள் சித்தி. அவரும் 1983-இல் நோபல் வாங்கினார். அதைப் பார்க்கச் சித்தி இல்லை, 1980-இலேயே போய்விட்டார். ஆனால் வெளிநாடுகளில் வானொலி வானியலில் பெயரெடுத்த மகன் ராதாகிருஷ்ணன் 1972-இல் திரும்பி வந்து அப்பாவின் நிலையத்தை ஏற்று நடத்தியதைப் பார்த்தார். கணவர் போனபின் இருந்த பத்து வருஷங்களில் அது அவருக்குக் கிடைத்ததே என்று எனக்கு நிறைவாக இருக்கிறது.

அந்தக் கட்டுரையின் நகலைத் தபாலில் அனுப்புகிறேன். உன் வீணைக் குதிரையை அருகில் வைத்துக்கொண்டு படி.

அன்புடன்,
உன் தோழி