காட்டர் பின் கற்றுத் தந்த கணக்கு

கும்பகோணத்தில் பாயின் சைக்கிள் கடைக்கு வேலை பழகப் போனபோது, எனக்குப் பஞ்சர் ஒட்டவும் காற்று அடிக்கவும் மட்டும்தான் தெரியும். பழைய சைக்கிளை வாங்கி, பிரித்து, ஓவராயில் செய்து விற்பதில்தான் கடைக்குப் பாதி வருமானம். "வாங்குற காசு பாதிக் காசுதான் தம்பி. மீதியை சைக்கிளே கேட்டு வாங்கிக்கும்" என்பார் பாய்.

முதலில் என் கையில் கொடுத்தது அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸ். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், மேலே புதிதாக அடித்த கறுப்புப் பெயிண்ட். 1,200 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். "இன்னும் எவ்வளவு ஆகும், பார்த்துச் சொல்லு" என்றார். டயரை அமுக்கினேன், பெல்லை அடித்தேன், செயினை மட்டும் மாற்றினால் போதும் என்றேன். "சரி, மாத்து" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

புதுச் செயினைப் போட்டு ஏறி மிதித்தேன். அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் செயின் ஃப்ரீவீல் பல்லின் மேல் ஏறி 'டக்'கென்று குதித்தது. செயின் லூசாக இருக்கிறது என்று நினைத்துப் பின்சக்கரத்தை இழுத்து இறுக்கினேன். மிதி கனத்ததே தவிர, குதிப்பது நிற்கவில்லை. மாலையில் பாய் பழைய செயினைத் தரையில் நீட்டி, பக்கத்தில் ஓரடி ஸ்கேலை வைத்தார். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். இது கால் அங்குலம் தாண்டியிருந்தது. செயின் இப்படித் தேய்ந்து நீளும்போது ஃப்ரீவீல் பல்லையும் தன் அளவுக்கே தேய்த்துவிடும். அப்புறம் அந்தப் பல்லில் புதுச் செயின் உட்காராது. பல்லின் மேல் விரலை ஓட்டச் சொன்னார். ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாகி, நகத்தில் மாட்டியது. நான் சொன்ன ஒரு செலவு இரண்டாயிற்று.

அடுத்தது காட்டர் பின். கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் சின்ன இரும்பு ஆப்பு அது. ஒரு பக்கம் சரிவாகச் சீவி, முனையில் மரை போட்டிருக்கும். கடையிலேயே மலிவான சாமான்களில் அதுவும் ஒன்று. ஆனால் பல வருஷ மழையும் துருவும் சேர்ந்து பிடித்துக்கொண்டால், கழற்றுவது பெரும்பாடு. நட்டை முழுதாகக் கழற்றிவிட்டு, சேதமாகிவிடுமோ என்ற பயத்தில் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் சுத்தியல் துள்ளித் திரும்பியது. அதிர்வு தோள்வரை ஏறியது. பின் அசையவில்லை. அதன் மரை முனைதான் நசுங்கிச் சப்பையாகி, இனி எப்படி அடித்தாலும் துளை வழியே போகாதபடி ஆகிவிட்டது. ரம்பத்தால் அறுத்து, டிரில் போட்டு எடுப்பதற்குள் மதியம் முழுவதும் போய்விட்டது.

"பயந்து தட்டினா சப்பிப் போகும். தாங்கல் கொடுத்து அடி" என்றார் பாய். இடது பக்கப் பின்னுக்கு ராத்திரியே மண்ணெண்ணெய் விட்டு வைத்தோம். காலையில் கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, பின்னின் தடித்த தலை குழாய்க்குள் இறங்கும்படி வைத்தார். நட்டைக் கழற்றாமல், மரை முனையோடு சமமாக நிற்கும்வரை மட்டும் தளர்த்தச் சொன்னார். ஓங்கி ஒரே அடி. இந்தத் தடவை சத்தமே வேறாக இருந்தது. சுத்தியல் துள்ளவில்லை, கை அதிரவில்லை. அடி முழுவதும் பின்னுக்குள் போனதை உள்ளங்கை உணர்ந்தது. நட்டைக் கழற்றியதும் பின் விரலோடு வந்தது.

அச்சை வெளியே எடுத்தபோது இன்னும் செலவு காத்திருந்தது. கால் அங்குலக் குண்டுகள் ஓடிய தடத்தில் சின்னச் சின்னக் குழிகள். குண்டை மட்டும் மாற்றினால், குழியில் விழுந்து எழும் கரகரப்பு அப்படியே இருக்கும். அச்சு, கப், குண்டு மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று.

சக்கரத்தின் அச்சில் குண்டுகளைத் தாங்கிப் பிடிக்கும் கோனைக் கட்டுவதுதான் எனக்கு நாள்கணக்கில் கைவராமல் இருந்தது. ஆட்டம் போகும்வரை கோனைத் திருகி, பிறகு லாக் நட்டை இறுக்குவேன். சக்கரம் நெரித்துக்கொண்டு நிற்கும். தளர்த்தினால் மறுபடி ஆட்டம். லாக் நட்டு இறுகும்போது கோனையும் கொஞ்சம் உள்ளே தள்ளும் என்பதைக் கை புரிந்துகொள்ள நாளாயிற்று. முதலில் துளி ஆட்டத்தை விட்டுவைத்து இறுக்கினால், இறுக்கத்திலேயே அது மறைந்துவிடும். பாயின் சோதனை எளிது: சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுப்பார். வால்வு தன் எடையிலேயே இறங்கி, அடியில் போய் நிற்க வேண்டும். நான் கட்டிய சக்கரத்தில் வால்வு முதன்முதலாகத் தானே இறங்கிய அன்று, அடுத்த சக்கரத்தையும் என்னிடமே தள்ளிவிட்டார்.

கடைசியில் உதிரிபாகச் செலவைக் கூட்டினேன். 1,200 ரூபாயைத் தாண்டியிருந்தது. பாய் சீட்டை வாங்கிப் பார்த்தார். "உன் கூலியை யார் எழுதுவா?" என்றார். அறுத்து எடுத்த அந்த மதியத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இப்போது பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள், பேரம் முடிப்பதற்கு முன் என்னையும் கூப்பிடுகிறார்கள். ஃபோர்க்குக்குப் பின்னால், ஃபிரேம் குழாயின் அடிப்பக்கத்தில் முதலில் விரலை ஓட்டுவேன். அங்கே பெயிண்ட் வெடித்தோ குழாய் புடைத்தோ இருந்தால், எதிலோ மோதிய வண்டி. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சீட்டுக் கம்பி அசைகிறதா, ஸ்போக்ஸ் நிப்பிள் திரும்புகிறதா, டயரின் பக்கச்சுவர் வெடித்திருக்கிறதா என்று அடுத்துப் பார்ப்பேன். செயினுக்கு ஸ்கேல் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

போன மாதம் ஒருவர் மகளுக்காகப் பார்த்துவைத்த பழைய சைக்கிளைக் கடைக்கே கொண்டுவந்திருந்தார். நான் பார்த்து முடித்து ஒரு தொகை சொன்னேன். உள்ளே இருந்து பாய் கேட்டார், "காட்டர் பின் பார்த்தியா?"

"பார்த்தேன் பாய். வலது பக்கம் சப்பிப் போயிருக்கு. அரைநாள் கூலியும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கேன்."

பாய் பில் புத்தகத்தை எடுத்து, நான் சொன்ன தொகையையே எழுதினார்.