வீணைக்கு ஒரு டிக்கெட்

1978ஆம் ஆண்டு, எங்களுக்குக் கல்யாணமான அடுத்த வருடம், தஞ்சாவூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு வீணையோடு பஸ்ஸில் வந்தோம். வீணையின் விலை 950 ரூபாய். எழுத்தராக இருந்த எனக்கு அது இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். என் மாமனார் பாதி கொடுத்தார், மீதிக்கு நான் அலுவலகத்தில் முன்பணம் எடுத்திருந்தேன். வீணையை ஒரு பழைய ஜமுக்காளத்தில் சுற்றி, மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் சாய்த்து வைத்தாள் என் மனைவி. கண்டக்டர் வந்தார்.

"மடியில வச்சிக்கிட்டா லக்கேஜும்மா. சீட்டுல வச்சா டிக்கெட்டு."

"அப்ப டிக்கெட்டே குடுங்க" என்றாள். நான் பர்ஸைத் திறக்குமுன் அவள் தன் சுருக்குப் பையைத் திறந்துவிட்டாள். கும்பகோணம், சிதம்பரம், கடலூர் என்று வழி முழுக்க எங்கள் நடுவே வீணை உட்கார்ந்து வந்தது. அந்த டிக்கெட்டைக் கடைக்காரர் கொடுத்த ரசீதோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்தேன். எதையும் கிழித்துப் போடாத புத்தி எனக்கு அப்போதே உண்டு.

அந்த வீணையைப் பாரிசுக்கு அனுப்பிய கதையைச் சொல்கிறேன்.

என் மனைவி 2022ல் காலமானாள். ஒரே மகள் பிரான்சில் இருக்கிறாள், பாரிசுக்குப் பக்கத்தில். எங்கள் ஊரில் இது புதிதல்ல. தெருவுக்கு நாலு 'சொல்தா' வீடு உண்டு. மாதம் பிறந்தால் 'பான்சியோன்' வாங்கும் கிழவர்கள், பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம். 2024 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் கேட்டாள்: "அம்மா வீணையை எனக்கு அனுப்புங்கப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வயதில் வரிசைகளைத் தாண்டுமுன் விரல் வலிக்கிறது என்று விட்டவள் அவள். "நீ வாசிக்கப் போறியா?" என்றேன்.

"வாசிக்கணும்னு இல்ல. வீட்டுல இருக்கணும்."

சரி, விசாரிக்கிறேன் என்றேன். விசாரிப்பது எனக்குக் கைவந்த கலை. முப்பத்தைந்து வருடம் அதைத்தானே செய்தேன். புது கோப்பு ஒன்று திறந்தேன்.

முதலில் கூரியர். வீணை எட்டு கிலோ. எட்டு கிலோவுக்கு என்ன பெரிதாகக் கேட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அந்தப் பையன் எடையே கேட்கவில்லை. "பெட்டி அளவு சொல்லுங்க சார்" என்றான். குடத்தைச் சுற்றிப் பஞ்சும் ஸ்பாஞ்சும் வைக்க இடம் விட்டால் நீளம் 145 சென்டிமீட்டர், அகலம் 50, உயரம் 48. மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்தான். "69.6 வருது. 70 கிலோவுக்குப் போடணும்."

எனக்கு இன்றைக்கும் பெருக்கல் வாய்ப்பாடு பிரெஞ்சில்தான் வரும். பள்ளியில் அப்படித்தான் மண்டையில் ஏற்றினார்கள். பிரெஞ்சில் எழுபதுக்குத் தனிச் சொல் கிடையாது, 'சுவாசாந்த் தீஸ்', அதாவது அறுபது-பத்து என்பார்கள். வாய்க்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். எட்டு கிலோ எப்படி அறுபது-பத்து ஆயிற்று?

பையன் பொறுமையாக விளக்கினான். விமானத்தில் விற்பது இடம். இரும்புத் துண்டு சின்ன இடத்தில் அதிக எடை, அதற்கு எடைக்குக் காசு. பஞ்சு மூட்டை பெரிய இடத்தில் குறைந்த எடை, அதற்கு இடத்துக்குக் காசு. இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. வீணையின் குடம் உள்ளே வெறும் காற்று. தண்டியும் உள்ளே குடைந்ததுதான். அந்த வெறுமை இல்லாவிட்டால் நாதம் இல்லை. அந்த வெறுமைக்குத்தான் கிலோவுக்கு 720 ரூபாய். மொத்தம் 50,400.

இரண்டாவது, விமான சரக்கு. அங்கே 5000க்குப் பதில் 6000ஆல் வகுக்கிறார்கள். அதே பெட்டி 58 கிலோ ஆகிவிட்டது. கட்டணமும் கிலோவுக்கு 260 ரூபாய்தான். ஆனால் கூரியர்க்காரன் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்குக் கொடுப்பான்; இது விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு மட்டும். சென்னைக்குக் கொண்டுபோவது, சுங்கத்துக்கு முகவர் பிடிப்பது, அந்தப் பக்கம் எடுப்பது எல்லாம் நம் பாடு.

மூன்றாவது, கப்பல். இதுதான் மலிவு என்று எல்லோரும் சொன்னார்கள். பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து ஏற்றுவதில் கணக்கு கன மீட்டரில். என் பெட்டி 0.348 கன மீட்டர். ஆனால் குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்குக் கட்ட வேண்டும் என்றார் முகவர். மீதி இடத்துக்கு அரிசி மூட்டையாவது வைத்து அனுப்பலாமா என்று கேட்டேன், அவர் சிரிக்கவில்லை. சென்னையில் வாங்கும் தொகை குறைவுதான்; லு ஆவ்ர் துறைமுகத்தில் இறக்கும்போது மகளிடம் யூரோவில் வாங்குவார்களே, அது இதைவிடப் பல மடங்கு. தவிர, செங்கடலில் தாக்குதல் தொடங்கியதால் 2024ல் பல கப்பல்கள் சூயஸ் பக்கம் போகாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. இரண்டு மாதமாவது ஆகும்.

இரண்டு மாதம் இரும்புப் பெட்டிக்குள் வெயில் என்றதும் தஞ்சாவூரில் வீணை செய்யும் ஒருவரைக் கேட்டேன். "கூடவே கூடாதுங்க" என்றார். வீணையின் இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சூட்டில் மெழுகு இளகினால் மெட்டு நகரும், சுருதி போச்சு. பாரிசில் மெழுகு ஏற்றி மெட்டு கட்ட ஆளுக்கு எங்கே போவது? கழற்றி மாட்டும்படியான வீணை இப்போது செய்கிறோம், இரண்டு துண்டாகப் பையில் போட்டு விமானத்தில் எடுத்துப் போகலாம், வேண்டுமா என்றார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மகளிடம் சொன்னேன்: அனுப்பும் செலவுக்குப் புது வீணையே வந்துவிடும், நீ லீவுக்கு வரும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

"எனக்கு வீணை வேணாம்ப்பா. அம்மா வீணை வேணும்."

பின்பு அவளே ஒரு யோசனை சொன்னாள்: செல்லோ வாசிப்பவர்கள் விமானத்தில் அதற்கென்று ஒரு சீட் வாங்கிப் பக்கத்தில் வைத்துக் கொண்டு போகிறார்களே! விசாரித்தோம். செல்லோவுக்குச் சரி, இந்தக் குடம் பெட்டியோடு அந்த சீட்டில் அடங்காது. சாதாரண லக்கேஜாகப் போடலாம் என்றால் நீளம், அகலம், உயரம் கூட்டி 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம்முடையது 243. அதையும் கோப்பில் எழுதினேன்.

இப்படி ஆறு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்பாள், நான் ஒரு புது விலை, ஒரு புது விதி சொல்வேன். கோப்பில் பதினொரு மதிப்பீடுகள் சேர்ந்துவிட்டன. கடைசியில் ஒரு நாள் சொன்னாள்: "பணம் நான் தர்றேன்னு முதல் நாளே சொன்னேன்ப்பா. அனுப்ப மனசு இல்லன்னா சொல்லிடுங்க, நான் கேக்கல."

மனசு இல்லை. அதுதான் உண்மை. அலுவலகத்தில் நான் பார்த்திருக்கிறேன். ஒரு விண்ணப்பத்தை மறுக்க விருப்பமும் இல்லை, கொடுக்க மனமும் இல்லை என்றால் மேலதிகாரி ஒரு விளக்கம் கேட்டுக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். நானும் செய்திருக்கிறேன். பெற்ற மகளிடமே செய்வேன் என்று நினைக்கவில்லை.

அவள் போன பிறகும் வீணையின் தந்திகளைத் தளர்த்தாமல் வைத்திருந்தேன். எனக்கு ச-ரி-க-ம கூட வாசிக்கத் தெரியாது. ஆனால் கூடத்து மூலையில் அது சும்மா இருப்பதில்லை. கதவை ஓங்கிச் சாத்தினால், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால், நான் தும்மினால்கூட, 'ங்ம்' என்று தாளத் தந்திகள் முனகும். தனியாக இருக்கும் வீட்டில் தும்மலுக்கு ஒரு பதில் கிடைப்பது சின்ன விஷயமில்லை. இதை மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப இருக்கட்டும்ப்பா" என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகு அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த நாளே தச்சரை வரச் சொன்னேன். வீட்டில் கிடந்த மாமரப் பலகையில் பெட்டி செய்தார், யானை ஏறி நின்றாலும் உடையாது. சென்னை முகவர் போட்டோவைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டார். பச்சைப் பலகையில் செய்த பெட்டி என்றால் மரத்தின் உள்வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியில்லை என்று முத்திரை குத்த வேண்டுமாம், அது இல்லாமல் வெளிநாட்டில் ஏற்கமாட்டார்கள். ப்ளைவுட் என்றால் அந்தத் தொல்லை இல்லை. அதைச் செய்யும்போதே சூடேற்றி ஒட்டிவிடுகிறார்கள். மறுபடி ப்ளைவுட்டில் ஒன்று. மாமரப் பெட்டியில் இப்போது தேங்காய் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து முகவரின் கேள்விகள். இது பழைய பொருளா? நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் நாட்டை விட்டுப் போக 1972ஆம் வருடச் சட்டம் விடாது. பழசு போலத் தெரிந்தாலே தொல்லியல் துறையிடம் சான்று கேட்பார்கள். நான் கோப்பிலிருந்து 1978 ரசீதை எடுத்து நீட்டினேன், பஸ் டிக்கெட்டோடு. குடத்தின் விளிம்பில் இருக்கும் வெள்ளை வேலைப்பாடு தந்தமா, மான் கொம்பா? இரண்டுமே அனுப்பக் கூடாதவை. பிளாஸ்டிக் தகடுதான் என்று தஞ்சாவூர்க்காரர் பார்த்து எழுதிக் கொடுத்தார். (வாங்கிய அன்று தந்தம் என்று சொல்லியிருந்தார்கள். என் மனைவி கடைசி வரை அப்படித்தான் நம்பினாள்.) மரம்? உடல் முழுக்கப் பலா, அதற்குத் தடையில்லை. பிருடைகள் ஈட்டி மரம். ஈட்டி வகை மரங்கள் எல்லாவற்றையும் 2017ல் சைட்ஸ் ஒப்பந்தத்தில் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். உலகெங்கும் கிட்டார் செய்பவர்களும் வாசிப்பவர்களும் முறையிட்டு, முழுதாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019ல் விலக்குக் கிடைத்தது. முகம் தெரியாத அந்தக் கிட்டார்க்காரர்களுக்கு நன்றி.

பிரான்ஸ் பக்கம் வரி. சும்மா அனுப்பினால் வாத்தியத்தின் விலையோடு அனுப்பும் செலவையும் கூட்டி, அதன் மேல் 20 சதவீதம் வரி போடுவார்கள். வாரிசாக வந்த பொருள் என்று நிரூபித்தால் வரி இல்லை. வாரிசுச் சான்றிதழைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். எழுத்துக் கூட்டிய நாள் முதல் அந்த மொழியில்தான் படித்தேன், ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். செல்லாது, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும் என்றார்கள். முத்திரைக்காரர் செய்த மொழிபெயர்ப்பில் இரண்டு பிழைகள் இருந்தன. சும்மா இருந்துவிட்டேன்.

கட்டும் நாள் தஞ்சாவூர்க்காரரே வந்தார். முதலில் தந்திகளைத் தளர்த்தினார். இழுத்தபடியே அனுப்பினால் குளிரிலும் சூட்டிலும் தண்டி வளைந்துவிடுமாம். லங்கரைத் தளர்த்திப் பிருடைகளை ஒவ்வொன்றாகத் திருப்ப, தந்தி இறங்கி இறங்கிச் சத்தம் தேய்ந்தது. எனக்கு அந்தத் தூசியில் தும்மல் வந்தது. மூலை ஒன்றும் சொல்லவில்லை. குதிரையைக் கழற்றித் துணியில் சுற்றினார். சுரைக்குடுக்கையைத் திருகி எடுத்தார். மெட்டு ஒன்றிரண்டு நகர்ந்தால் சரி செய்ய, ஒரு நீளக் காகிதத்தை மெட்டுகளின் ஓரமாக வைத்து ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

கணக்கு: பெட்டி 6,500, சென்னைக்கு டெம்போ 4,500, முகவரும் சுங்கமும் 9,000, விமானக் கட்டணம் 15,080. ஆக 35,080 ரூபாய். அந்தப் பக்கம் மகள் கட்டியது 180 யூரோ. மாமரப் பெட்டிக்கான கூலியை இதில் சேர்க்கவில்லை. அதை என் தனிக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

ஒன்பது நாளில் போய்ச் சேர்ந்தது. மேல் ஸ்தாயியில் இரண்டு மெட்டுகள் சாய்ந்திருந்தன, காகிதத்தை வைத்து அவளே நிமிர்த்தினாளாம். ஆனால் வீணையைத் தரையில் வைத்தால் குடம் உருளுகிறது என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடத்துக்கு அடியில் வைக்கும் துணிப் பிரிமணை, அவள் அம்மா பழைய புடவையைத் திரித்துச் சுற்றியது, இங்கேயே மூலையில் கிடக்கிறது. எடை 400 கிராம். நடுவில் ஓட்டை, அதற்கும் காசு கேட்பார்கள். நசுங்காமல் வைக்க நல்ல பெட்டி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.