சபராளியின் துஆ

என் தந்தையார் மர்ஹூம் அவர்கள் ஒரு சபராளி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு சென்றார்கள். 1973இல் அது ஓய்ந்தபின் சிதம்பரம் கப்பலில். அங்கே மளிகைக்கடை ஒன்றில் சுப்ஹு தொழுததும் அமர்ந்தால், இஷா வரை உழைப்பு. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் வருவார்கள். சில மாதங்களில் மீண்டும் பயணம்.

வீட்டிலில்லாத தந்தை என்ன தந்தை எனக் கேட்போருண்டு. மாதந்தோறும் வரும் கடிதத்தில் உம்மாவுக்குச் செலவுக்கணக்கும், பிள்ளைகளுக்குத் தனித்தனியே ஒரு வரியும் இருக்கும். "இம்மாதம் என்ன ஓதினாய்?" என்பது எனக்குரிய வரி. அதற்குப் பதிலெழுதவே ஓதினேன், ஆலிமானேன்.

மறுக்கப்படாத துஆக்கள் மூன்றென நபிமொழி கூறும். பயணியின் துஆவும் தந்தையின் துஆவும் அவற்றுள் இரண்டு. என் தந்தையார் அவ்விரு தகுதியிலும் எங்களுக்காகக் கையேந்தினார்கள். அல்லாஹ் அன்னாரின் கப்றை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.